ஓதம் ஏறும் ஊரில் வீட்டுக் கான்கிரீட்: முதல்முறை கட்டுபவருக்கு

கடல் பொங்கி ஏறுவதும் ஓதம், சுவரின் அடியிலிருந்து ஈரம் ஏறுவதும் ஓதம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். வெள்ளம் வந்துபோகும் கடலோர ஊரில் வீடு கட்டப் போகிறவருக்கு இந்த ஒரு சொல்லே பாதிப் பாடம். முதல் ஓதம் வருடத்தில் சில நாள் வந்து பயமுறுத்திவிட்டுப் போய்விடும். இரண்டாவது ஓதம் சத்தமே இல்லாமல் வருடம் முழுக்க வேலை செய்யும். நான் பார்த்த வரையில் வீடுகளை அதிகம் கெடுத்தது இரண்டாவதுதான்.

பொறியாளர் வரைபடம் தருவார், மேஸ்திரி ஆட்களோடு வந்து வேலை செய்வார். இரண்டு பேருக்கும் நடுவில், கையில் ஒரு அளவு டேப்போடு, எதைப் பார்ப்பது என்று தெரியாமல் நிற்பவர் வீட்டுக்காரர். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். எத்தனை கம்பி, எவ்வளவு தடிமன் என்கிற கணக்கு பொறியாளருடையது; அதில் நீங்களும் நானும் கை வைக்க வேண்டாம். ஆனால் வரைபடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், சைட்டில் ஒரு வாளித் தண்ணீர் கூடினால் போச்சு. அந்த வாளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி.

கெடுவது கான்கிரீட் அல்ல, கம்பி

உப்புக்காற்று கான்கிரீட்டைத் தின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து துறைமுகங்களில் போட்ட கான்கிரீட் ஏறத்தாழ 2000 ஆண்டுகளாகக் கடலுக்குள்ளேயே கிடக்கிறது. அதில் கம்பி கிடையாது. நம் வீட்டில் கம்பி இருக்கிறது. சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது.

நல்ல கான்கிரீட் காரத்தன்மை மிகுந்தது. அந்தக் காரம் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். அது இருக்கும்வரை துரு பிடிக்காது. கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பிலுள்ள குளோரைடு, ஈரத்தோடு சேர்ந்து நுண்ணிய துளைகள் வழியாக உள்ளே போய்க் கம்பியைத் தொட்டவுடன் படலம் உடைகிறது, துரு ஆரம்பிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். உள்ளே இடம் ஏது? கான்கிரீட் வெடிக்கும். கம்பி ஓடும் வரிசையிலேயே நீளமாக ஒரு விரிசல், அதன் ஓரத்தில் காவி நிறக் கறை, அப்புறம் ஒருநாள் பெயர்ந்து விழும் ஒரு பாளம். கடலோர வீடுகளின் சன்ஷேட் அடியில் நிமிர்ந்து பார்த்தவர்களுக்கு இந்த வரிசை நன்றாகத் தெரியும்.

சரி, அந்தத் துளைகள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் நாம் ஊற்றிய தண்ணீரிலிருந்து. சிமெண்ட் வேதிமாற்றத்தில் பிடித்துக்கொள்ளும் தண்ணீர் அதன் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் கலவை இளகுவதற்காக நாம் சேர்ப்பது. அதில் பெரும்பகுதி பின்னால் ஆவியாகி, தான் இருந்த இடத்தை மயிரிழைக் குழாய்களாக விட்டுவிட்டுப் போகிறது. தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம்தான் பலத்தைத் தீர்மானிக்கிறது என்று 1918ஆம் ஆண்டிலேயே டஃப் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் சொல்லிவிட்டார். கடலோரத்தில் அதே விகிதம் ஆயுளையும் தீர்மானிக்கிறது.

அதனால் தண்ணீர் விஷயத்தில் கலக்கும்போது கஞ்சன், போட்டு இறுகிய கான்கிரீட்டை நனைக்கும்போது வள்ளல். சைட்டில் பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கும்.

முதலில் மட்டம்

மனையில் கடப்பாரை படும் முன்னால், தண்ணீர் அதிகபட்சம் எங்கே வரை ஏறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்துப் பழைய சுவர்களில் சேற்றுக்கோடு இருக்கும். வயதானவர்களைக் கேளுங்கள், ஆனால் ஒருவரிடம் மட்டும் கேட்காதீர்கள். நினைவில் வெள்ளம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு உயரம். மூன்று நான்கு பேர் காட்டிய குறிகளை டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய்) வைத்து உங்கள் மனைக்குக் கொண்டுவந்து, அசையாத ஒரு கல்லிலோ கம்பத்திலோ பெயிண்டால் கோடு போட்டுவிடுங்கள். வேலை முடியும்வரை அந்தக் கோடுதான் பேசும்.

வீட்டுத் தரை அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும், சமமாக அல்ல. சட்டம் சொல்லும் உயரம் ஒன்று இருந்தால் அது குறைந்தபட்சம். அதற்கு மேல் குறைந்தது இரண்டு அடியாவது கூட்டிக்கொள்வது என் வழக்கம். சாலையை அடுத்தடுத்து உயர்த்திக்கொண்டே போவார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அலை நேரடியாக வந்து அடிக்கும் தூரத்தில் மனை இருந்தால் நிலைமை வேறு. ஓடும் நீர் தரும் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடியாகக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் அடி நாலு மடங்கு. அங்கே மண்ணைக் கொட்டி உயர்த்திச் சுற்றிலும் சுவர் எழுப்புவதைவிட, தூண்களின் மேல் வீட்டைத் தூக்கிவிட்டு, அடியில் தண்ணீர் போக வழி விடுவது நல்லது. மணற்பாங்கான தரையில் நீர் தூணைச் சுற்றி மண்ணை அரித்து எடுத்துவிடும். எவ்வளவு ஆழம் வரை அரிக்கும் என்பதைப் பார்த்து அதற்குக் கீழே கடைக்கால் போக வேண்டும். இதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. மண் பரிசோதனை செய்யாமல் ஆழம் சொல்கிற யாரையும் நம்பாதீர்கள், அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும்.

வானம் தோண்டினால் ஊற்று

கடலோரத்தில் வானம், அதாவது கடைக்கால் குழி, நாலைந்து அடி தோண்டியவுடன் தண்ணீர் ஊறுவது சாதாரணம். தோண்டுவதற்குத் தண்ணீர் மிகக் கீழே இருக்கும் மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். அப்படியும் ஊறினால், குழியின் ஒரு மூலையில், புட்டிங் (தூணின் அடியில் வரும் அகலமான கான்கிரீட் பாதம்) வரும் இடத்துக்கு வெளியே, இன்னும் ஆழமாக ஒரு சிறு குழி எடுத்து அதில் பம்ப்பை இறக்க வேண்டும். தண்ணீர் அந்தக் குழிக்கு ஓடிவர, ஓரமாக ஒரு சின்ன வாய்க்கால். புட்டிங் நடுவிலேயே பம்ப்பைப் போட்டு இறைத்தால், கான்கிரீட் போடும்போது தண்ணீரோடு சிமெண்ட் பாலும் உறிஞ்சி வெளியே போய்விடும். மிச்சம் ஜல்லியும் மணலும்தான்.

கான்கிரீட் போட்ட பிறகும் அது இறுகும்வரை பம்ப் ஓட வேண்டும். மாலை ஆறு மணிக்குப் பம்ப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனால், இரவில் ஏறும் தண்ணீர் பச்சைக் கான்கிரீட்டைக் கழுவிவிடும். ராத்திரிக்கு ஆள் வையுங்கள், டீசல் இருக்கிறதா என்று பாருங்கள். இறைக்கும் நீர் கலங்கலாக, மணலோடு வந்தால் உடனே நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அந்த மணல் உங்கள் அடியிலிருந்தோ பக்கத்து வீட்டின் அடியிலிருந்தோதான் வருகிறது.

குழியின் அடி கெட்டியானதும் நாலு அங்குலம் பிசிசி (கம்பியில்லாத கான்கிரீட்) போட்டு, அதன் மேல்தான் கம்பி வர வேண்டும். மண்ணின் மேலேயே கம்பியை வைத்துக் கான்கிரீட் போடுவது, பாத்திரத்தைக் கழுவாமல் சமைப்பது மாதிரி.

சரக்கு

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். மனையில் போட்ட போர் தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பாக இருக்கும், "வாயில் வைக்க முடிகிறதே, பரவாயில்லை" என்பார்கள். நாக்கு நல்ல அளவுகோல் அல்ல. ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பி குளோரைடு அளவைப் பாருங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நிம்மதியாகக் கலக்கலாம். சமையலறையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும், குளோரைடைத் தனியாகச் சொல்லாது. கோடையில் எடுத்த அளவும் மழைக்காலத்தில் எடுத்த அளவும் வேறுபடும், ஆகவே வேலை நடக்கும் காலத்தில் மறுபடி ஒருமுறை பாருங்கள். தண்ணீர் தேறவில்லை என்றால் வண்டியில் வாங்கத்தான் வேண்டும். இந்தச் செலவில் கை வைக்காதீர்கள்.

மணலிலும் அதே கதை. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். உப்போடு கிளிஞ்சல் துண்டுகளும் வரும், மணிகளும் ஒரே அளவில் இருக்கும். எம்சாண்ட் என்றால் தூசு அதிகமில்லாமல் கழுவியதாக வாங்குங்கள். இன்னொன்று: நல்ல மணலைக் கொண்டுவந்து வெள்ளம் வரும் பள்ளத்தில் கொட்டிவைத்தால் அது கடற்கரை மணலாகிவிடும். மேட்டில் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள்.

சிமெண்டில் எது வாங்குவது என்று எல்லோரும் கேட்பார்கள். இரும்பு உலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்ட், அல்லது ஃபிளை ஆஷ் என்கிற நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்ட். இரண்டுமே கான்கிரீட்டின் துளைகளை இன்னும் நுண்ணியதாக்கும். ஸ்லாக் சிமெண்ட் உள்ளே வரும் குளோரைடின் ஒரு பகுதியைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். இவை மெதுவாகத்தான் பலம் ஏறும், ஆகவே நனைப்பும், தளத்தைத் தாங்கும் முட்டும் கூடுதல் நாள் வேண்டும். "சல்பேட் எதிர்ப்பு சிமெண்ட்" என்ற பெயரைப் பார்த்து, கடலுக்கு ஏற்றது என்று அதையே வாங்குகிறவர்கள் உண்டு. அது சல்பேட்டுக்குத்தான். அதில் குளோரைடைப் பிடித்துவைக்கும் பொருள் வேண்டுமென்றே குறைக்கப்பட்டிருக்கும். கம்பியின் கண்ணோட்டத்தில் அது தவறான தேர்வு. மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல், வெள்ளக்கோட்டுக்கு மேலே வையுங்கள்.

கம்பியை வேலைக்குத் தேவையான அளவு மட்டும் அவ்வப்போது இறக்குவது நல்லது. மாதக்கணக்கில் உப்புக்காற்றில் கிடந்த கம்பியின் மேல் துரு மட்டுமல்ல, உப்பும் படிந்திருக்கும். கையால் தேய்த்தால் போகிற செந்தூள் அவ்வளவு மோசமில்லை. செதில் செதிலாக உரிந்தாலோ குழி விழுந்திருந்தாலோ திருப்பி அனுப்புங்கள். லேசாகப் படிந்திருந்தால் கம்பி பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுக் கட்டலாம். எபாக்சி பூசிய கம்பி வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் வளைக்கும்போதும் இழுத்துப் போடும்போதும் பூச்சு கீறும், கீறிய இடத்தில் துரு குவியும். அந்தக் கீறல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பூச ஆள் இல்லையென்றால், அந்தப் பணத்தைக் கவருக்கும் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம்) நல்ல கலவைக்கும் போடுங்கள் என்பேன்.

கவர்

கம்பியின் வெளி விளிம்புக்கும் கான்கிரீட்டின் வெளி முகத்துக்கும் நடுவே உள்ள தூரம்தான் கவர். உப்பு நடந்து வர வேண்டிய தூரம் அது. இந்தத் தூரத்தை இரட்டித்தால் உப்பு வந்துசேரும் காலம் ஏறத்தாழ நாலு மடங்காகிறது. 25 மில்லிமீட்டரை 50 ஆக்க எவ்வளவு செலவாகிவிடும்? வீட்டுக்கு இதைவிட மலிவான ஆயுள் காப்பீடு எனக்குத் தெரிந்து கிடையாது.

வரைபடத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் கவர் எழுதியிருக்கும். எழுதவில்லை என்றால் எழுதி வாங்குங்கள். பிசிசி மேல் அமரும் புட்டிங்குக்கு 50 மி.மீ., நேராக மண்ணோடு ஒட்டிப் போடுவதற்கு 75, தூணுக்கும் பீமுக்கும் 40 முதல் 50, சன்ஷேட், ரூஃப் தளம் போன்ற வெளிக்காற்று படும் இடங்களில் 30 முதல் 45 என்பது கடலோரத்தில் எதிர்பார்க்க வேண்டிய வரம்பு. அளப்பது வெளியே இருக்கும் ரிங்கிலிருந்து, உள்ளே இருக்கும் பெரிய கம்பியிலிருந்து அல்ல. சைட்டில் நடக்கும் தகராறுகளில் பாதி இந்த இடத்தில்தான்.

அந்தத் தூரம் குறையாமல் கம்பியைப் பிடித்து நிறுத்தும் சிறு கட்டைகளான கவர் பிளாக்குகளை எண்ணிப் பாருங்கள். மூன்று அடிக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். உடைந்த செங்கல், ஜல்லித்துண்டு, மரக்கட்டை எதுவும் கூடாது. செங்கல் தண்ணீரைக் குடித்துக் கம்பிக்கு ஊட்டும். சைட்டிலேயே வார்ப்பதென்றால் கான்கிரீட்டுக்குக் குறையாத பலத்தில் வார்த்து, நன்றாக நனைத்த பிறகு பயன்படுத்துங்கள். கட்டுக்கம்பியின் முனைகளை உள்பக்கமாக மடக்கச் சொல்லுங்கள். பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு முனை போதும், துரு அந்த வழியே நடந்து உள்ளே போக.

நான் வேலைக்கு வந்த புதிதில், ஒரு தளத்துக்குக் கம்பி கட்டி முடித்த மாலை, கவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனேன். மறுநாள் காலை கான்கிரீட் போடும்போது பதினைந்து பேர் அந்தக் கம்பி மேலேயே நடந்தார்கள். மேல்கம்பி நசுங்கிக் கீழ்க்கம்பியோடு ஒட்டியது, கவர் பிளாக்குகள் புரண்டன. சில வருடம் கழித்து அந்தத் தளத்தின் அடியில் கம்பி வரிசை அப்படியே படமாகத் தெரிந்தது. அதிலிருந்து, நடப்பதற்குத் தனியாகப் பலகைப் பாதை போடாமல் கான்கிரீட் தொடங்க விடுவதில்லை. மேல்கம்பியைத் தாங்கும் நாற்காலிக் கம்பிகளையும் எண்ணிவிட்டுத்தான் மேலே ஏற விடுவேன்.

கலவை: அந்த ஒரு வாளி

கடலோரக் கான்கிரீட்டுக்குத் தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45க்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோ மூட்டைக்கு அது 22.5 லிட்டர். இன்னும் ஒரு 5 லிட்டர் சேர்த்தால் விகிதம் 0.55. மேஸ்திரி "கொஞ்சம் இளக்கமா இருந்தாத்தான் ஓடும்" என்று சொல்லிக் கவிழ்க்கும் அரை வாளி அவ்வளவுதான் இருக்கும்.

இதில் இன்னொரு சூட்சுமம். மணலில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது. ஒரு மூட்டைக்கு 80 கிலோ மணல் போகிறது, அதில் 5 சதவீதம் ஈரம் என்றால் 4 லிட்டர் தண்ணீர் யாருக்கும் தெரியாமல் உள்ளே வந்துவிட்டது. அப்படியானால் நீங்கள் ஊற்ற வேண்டியது 18.5 லிட்டர்தான். முந்தின இரவு மழை பெய்திருந்தால் இன்னும் குறையும். ஈர மணல் உப்பிக்கொள்ளும் என்பதும் உண்டு. பெட்டியால் அளந்தால் நாலில் ஒரு பங்கு வரைகூட மணல் குறைவாகப் போய்விடும். ஆகவே முடிந்தால் எடைபோட்டுக் கலக்குங்கள். முடியாவிட்டால் ஒரு கண்ணாடி ஜாடியில் ஈர மணலை நிரப்பி, உயரத்தைக் குறித்துக்கொண்டு, அதே மணலைத் தண்ணீரில் மூழ்கவைத்து எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். இறங்கிய அளவுக்குப் பெட்டியில் கூட்டிப் போட வேண்டும்.

அப்படியானால் கலவை கெட்டியாக இருக்குமே, கம்பி நடுவே எப்படி இறங்கும்? அதற்குத்தான் பிளாஸ்டிசைசர். நல்ல வகை, தண்ணீரை 15 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தும் கலவையை இளக்கமாக வைத்திருக்கும். சிமெண்ட் எடைக்கு இவ்வளவு என்று டப்பாவில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். குளோரைடு இல்லாதது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சீக்கிரம் இறுக வேண்டும் என்று கால்சியம் குளோரைடு கலக்கும் பழைய பழக்கம் ஒன்று உண்டு. கம்பி உள்ள கான்கிரீட்டில் அது நம் கையாலேயே ஊட்டும் விஷம்.

தூணுக்கும் தளத்துக்கும் எம் 30 என்கிற பலத் தரத்தில் கான்கிரீட் கேளுங்கள். பெட்டிக் கணக்கில் அந்த அளவை உறுதியாக எட்ட முடியாது; ஆய்வகத்தில் வடிவமைத்த கலவை வேண்டும். ரெடிமிக்ஸ் வண்டி வரக்கூடிய தெருவாக இருந்தால் அதுவே எளிது. வண்டி வந்ததும் சீட்டை வாங்கி, தண்ணீர் சேர்த்துக் கலந்த நேரத்தைப் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் இறக்கி முடிக்கப் பார்க்க வேண்டும். டிரைவர் குழாயைத் திறந்து டிரம்முக்குள் தண்ணீர் விடப் போனால் நடுவில் போய் நில்லுங்கள், வெட்கப்படாதீர்கள்.

இளக்கத்தை அளக்க ஸ்லம்ப் கூம்பு போதும். 30 செ.மீ. உயரம், அடி 20, வாய் 10. மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் 16 மி.மீ. கம்பியால் 25 முறை குத்தி, கூம்பை மெல்ல நேராகத் தூக்க வேண்டும். கலவை எவ்வளவு உட்காருகிறதோ அதுதான் ஸ்லம்ப். தூண், தளத்துக்கு 75 முதல் 125 மி.மீ. நன்றாக வேலைக்காகும். முதல் கலவைக்கும் பத்தாவது கலவைக்கும் அளவு மாறினால், நடுவில் யாரோ தண்ணீரில் விளையாடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கூடவே 15 செ.மீ. கன அச்சுகளில் மாதிரி எடுத்து 28 நாள் கழித்து உடைத்துப் பாருங்கள். உடைத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்தாலே கலவை ஒழுங்காகிவிடும்.

போடுதல்

கான்கிரீட் போடும் நாளுக்கு முன் வானிலை அறிவிப்பையும், வெள்ள ஓதம் ஏறும் நேரத்தையும் சேர்த்தே பாருங்கள். தார்ப்பாய், கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டருக்கு ஒரு மாற்று, இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வைப்ரேட்டர் ஒன்று மட்டும் இருந்தால் அது பாதித் தளத்தில்தான் நின்றுபோகும். இது விதி.

ஐந்து அடி உயரத்துக்கு மேலிருந்து கொட்டினால் ஜல்லி தனியாக, சாந்து தனியாகப் பிரியும். தூணில் அடுக்கடுக்காக, ஒன்றரை அடிக்கு மேற்படாமல் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் அதிர வைக்க வேண்டும். வைப்ரேட்டர் ஊசியை நேராகச் சட்டென்று இறக்கி, கீழ் அடுக்குக்குள்ளும் ஒரு சாண் போகவிட்டு, குமிழி வருவது நிற்கும்வரை வைத்து, மெதுவாக எடுக்க வேண்டும். ஓரிடத்தில் பத்து பதினைந்து நொடி போதும். ஊசியால் கலவையைத் தள்ளி நகர்த்தக் கூடாது, கம்பியில் சாய்த்து வைக்கவும் கூடாது. காற்றிடைவெளி 5 சதவீதம் தங்கினாலே பலத்தில் 30 சதவீதம் அளவுக்குப் போய்விடும். பலகை பிரித்ததும் தேன்கூடு மாதிரி தெரிந்தால் மேலே பூசி மறைக்க விடாதீர்கள். பொறியாளர் பார்த்த பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும்.

இன்றைய கான்கிரீட் நாளைய கான்கிரீட்டைச் சந்திக்கும் இணைப்புகள்தான் உப்புக்கு வாசல். அவற்றை நீர்மட்டம் ஏறி இறங்கும் உயரத்தில் வைக்காதீர்கள். நனைந்து காய்ந்து நனையும் இடத்தில்தான் துரு மிக வேகமாக ஓடும். எப்போதும் மூழ்கிக் கிடக்கும் பகுதியில்கூட அவ்வளவு வேகம் இல்லை, அங்கே ஆக்சிஜன் குறைவு. இணைப்பில் பழைய முகத்தைக் கொத்திவிட்டு, தூசியைக் கழுவி, ஈரமாக வைத்து, அப்புறம் புதியதைப் போடுங்கள்.

நனைப்பு

இப்போது வள்ளலாகும் நேரம். போட்ட அன்றே, மேல்பரப்பு கையில் ஒட்டாமல் வந்ததும் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடிவிடுங்கள். கடற்காற்று ஒரு மணி நேரத்தில் உறிஞ்சுகிற ஈரம் பயங்கரமானது. மறுநாள் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். தூணுக்கு ஈரச்சாக்கு சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக். ஸ்லாக், ஃபிளை ஆஷ் சிமெண்டுக்கு 14 நாள் குறையக் கூடாது. காலையும் மாலையும் குழாயால் அடித்துவிட்டுப் போவதை நனைப்பு என்று சொல்ல முடியாது. நடுவில் காய்ந்த ஆறு மணி நேரம் அந்த நாளின் பலனைக் கெடுத்துவிடும். நனைக்கும் தண்ணீரும் கலந்த தண்ணீரைப் போலவே உப்பில்லாததாக இருக்கட்டும். மேஸ்திரியின் வேலை கான்கிரீட் போட்டவுடன் முடிந்துவிடும், ஆகவே நனைப்புக்கென்று தனி ஆளைப் பேசிவிடுங்கள்.

போட்ட மறுநாளே வெள்ளம் வந்துவிட்டால்? ஓடாமல் தேங்கிய மழைத்தண்ணீர் என்றால் பதற வேண்டாம், அது இலவச நனைப்பு. கடல் நீர் கலந்திருந்தால் வடிந்ததும் நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, தொடர்ந்து நனையுங்கள். முட்டுகளின் அடி மண் அரித்திருக்கிறதா என்று பார்க்காமல் தளத்தின் கீழே யாரையும் போக விடாதீர்கள். வெள்ளம் இல்லாவிட்டாலும் தளத்து முட்டுகளை 14 நாளுக்கு முன் எடுக்காதீர்கள். பெரிய பீமுக்கு 21.

சம்ப் மிதக்கும்

இதை நம்ப மாட்டார்கள். நானும் நம்பவில்லை, பார்க்கும்வரை. காலையில் போய்ப் பார்த்தால் முந்தின நாள் தரைமட்டத்தில் இருந்த காலித் தொட்டி ஒரு பக்கமாக ஒன்றரை அடி எழுந்து நின்றது.

கணக்கு எளிது. வெளியளவு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் உள்ள சம்ப் 12 கன மீட்டர் இடத்தை அடைக்கிறது. நிலத்தடி நீர் தரை வரை ஏறினால் அதை மேலே தள்ளும் விசை 12 டன். அடியும் சுவரும் ஆறு அங்குலம், மேல்மூடி நாலு அங்குலம் என்று கட்டியிருந்தால் கான்கிரீட்டின் எடை சுமார் 10 டன். தொட்டி காலியாக இருந்தால் 2 டன் குறைகிறது. பக்க மண் கொஞ்சம் பிடிக்கும், ஆனால் வெள்ளத்தில் ஊறிய மணலை நம்பிக்கொண்டிருக்க முடியாது. செப்டிக் டேங்குக்கும் இதே கணக்குதான்.

அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே ஒன்று ஒன்றரை அடி நீட்டிவிட்டால், அதன் மேல் அமரும் மண்ணும் சேர்ந்து தொட்டியைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு நீட்டுவது என்று பொறியாளர் சொல்லட்டும். அதைவிட முக்கியம், மழைக்காலத்தில் சம்ப்பைக் காலி செய்து கழுவக் கூடாது. கட்டும் காலத்திலும், சுற்றி மண் நிரப்பும் வரை உள்ளே தண்ணீர் நிரப்பி வையுங்கள். மூடியின் வாய் வெள்ளக்கோட்டுக்கு மேலே இருக்கட்டும், இல்லையேல் குடிக்கும் தண்ணீரில் தெருத் தண்ணீர் கலந்துவிடும்.

விட்டுப்போகும் சின்னச் சின்ன இடங்கள்

வீட்டுக்குள் தரைக் கான்கிரீட் போடும் முன் கெட்டியான பாலிதீன் ஷீட் ஒன்றை விரித்து, விளிம்புகளை ஓர் அடி ஒன்றன்மேல் ஒன்று படியவைத்துவிடுங்கள். இரண்டாவது ஓதம் அங்கேயே நின்றுவிடும். சன்ஷேட்டின் அடிப்பக்க விளிம்பில் விரலகலக் காடி ஒன்று இருந்தால் மழைநீர் அதைத் தாண்டி உள்ளே ஊர்ந்து வராமல் அங்கேயே சொட்டிவிடும். சன்ஷேட்டில் பிரதானக் கம்பி மேலே இருக்க வேண்டும், கீழே அல்ல. அதை மிதித்து அமுக்கிவிட்டால் பலகை பிரிக்கும் அன்றே மடங்கும்.

பின்னால் மேல்மாடி எழுப்பலாம் என்று தூண்களின் உச்சியில் நீட்டிவிட்ட கம்பிகள் இருக்கின்றனவே, கடலோர வீடுகளின் பெரிய ஓட்டை அதுதான். பத்து வருடம் உப்புக்காற்றில் நின்ற கம்பி வழியாகத் துரு தூணுக்குள் இறங்கும். சிமெண்ட் பால் தடவி விட்டால் போதும் என்பார்கள், ஒரு வருடம்கூடத் தாங்காது. கம்பியைச் சுற்றிப் பலகை அடைத்து, பின்னால் உடைத்தெடுக்கக்கூடிய மெலிந்த கான்கிரீட்டால் முழுவதுமாக மூடிவிடுங்கள். மாடி கட்டும்போது உடைக்கும் கூலி சில ஆள் கூலிதான்.

வெள்ளம் வடிந்த பிறகு

சேற்றைக் காயவிடாமல் அன்றைக்கே நல்ல தண்ணீரால் தூண், பீம், சுவரடி எல்லாவற்றையும் கழுவுங்கள். காய்ந்தால் தண்ணீர் போய் உப்பு மட்டும் தங்கிவிடும். பிறகு கையில் ஒரு சின்னச் சுத்தியலோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். தூணின் கீழ்ப்பகுதியில் மூன்றடி உயரம், சன்ஷேட்டின் அடிப்பக்கம், குளியலறைத் தளத்தின் கீழ்ப்பக்கம், இந்த மூன்று இடத்திலும் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டால் உள்ளே கான்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்திருக்கிறது. அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, தேதியையும் எழுதிவிடுங்கள். அடுத்த முறை தட்டும்போது வட்டம் பெரிதாகியிருக்கிறதா என்று தெரியும்.

பழுதுபார்க்க வருபவர் மேலே சாந்து பூசி மெழுகிவிடுவேன் என்றால் அனுப்பிவிடுங்கள். கம்பியின் பின்பக்கமும் விரல் போகும் அளவுக்குப் பழைய கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியை வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டி, நாலில் ஒரு பங்கு தேய்ந்திருந்தாலே பக்கத்தில் புதுக்கம்பி கட்டி, அப்புறம்தான் மூட வேண்டும். தூணில் இந்த வேலை என்றால் முதலில் பீமுக்கு முட்டுக் கொடுங்கள், கொத்துவதெல்லாம் அதற்குப் பிறகு.